அணில் கொண்டுபோன சாமை

புதூர்நாடு
9.4.1978

அன்புள்ள சின்னப்பராஜுக்கு,

ஓர் அணில் ஒரு நாளில் எவ்வளவு தானியத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோகும்? பதினெட்டு ஆண்டுகள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. கையில் இருக்கும் புத்தகங்களில் தேடினேன். பற்களின் எண்ணிக்கை இருக்கிறது, மண்டையோட்டின் படம் இருக்கிறது. இது இல்லை.

அம்மாவின் முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு நீ எழுதவில்லை. நானும் எழுதவில்லை. வீட்டை விற்பதா வேண்டாமா என்ற பேச்சை இப்போதும் எடுக்கப் போவதில்லை. உன் கடையில் இருக்கக்கூடிய ஒரு பொருள் எனக்கு வேண்டும், அதற்காகவே எழுதுகிறேன்.

போன வருடம் பங்குனியில் இந்தக் கொல்லைமேட்டில் நான்கு கூரை வீடுகள் எரிந்தது உனக்குத் தெரியும். ஆள் சேதம் இல்லை என்று அப்போது எழுதினேன். பதினொரு வீட்டு விதைச் சாமையும் அவற்றில் கருகிப்போனதை எழுதவில்லை. அது எவ்வளவு பெரிய சேதம் என்பது எனக்கே பிறகுதான் புரிந்தது. ஆறு மாதம் இங்கே கிழங்கும் புளியங்கொட்டையும் தின்று, கடன் வாங்கி விதைத்த கொஞ்சம் சாமையில் விளைந்ததை எல்லாம் விதைக்கென்று எடுத்து வைத்தார்கள். அதனால் இந்த வருடம் பதினொரு வீட்டுக்காரர்களும் தங்கள் விதைக் கூடையைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இந்த மேட்டில் ஓடு போட்ட வீடு நம்முடையது ஒன்றுதான். "ஓட்டு வூடு நெருப்புக்கு நிக்குங்க டீச்சரம்மா. ஆடி பொறக்கறதுக்குள்ள எடுத்துக்கறோம்" என்றாள் அடுத்த வீட்டு மாதம்மாள். நான் சரி என்றேன். பதினொரு கூடைகளும் பரணில் இருக்கின்றன. சாணம் மெழுகிய மூங்கில் கூடைகள், வாயில் துணி கட்டியவை.

இப்போது அணில்கள் பரணுக்குள் வந்துவிட்டன. பலா மரத்திலிருந்து ஓட்டின் மேல் குதித்து, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்து வழியாக நுழைகின்றன. சந்தில் கந்தல் துணி அடைத்தேன். அதை உருவிக் கூடு கட்டிக்கொண்டன.

அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை இருபது அடி, அதற்கான ஆணிகள். கோவிந்தன் ஜீப்பில் கொடுத்தனுப்பு. அறிவுரை வேண்டாம்.

அக்கா,
பிலோமினாள்

திருப்பத்தூர்
15.4.78

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது.

கடைசி வரியைப் படித்து ரீத்தாள் சிரித்தாள். "உங்க அக்கா கடுதாசியில கூட பிரம்பு வெச்சிருக்காங்க" என்றாள். நலமா என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்கள் நலம்.

அரை அங்குல வலை கையிருப்பில் இல்லை. கோழிக்கூண்டு வலைதான் இருக்கிறது, அதில் அணில் குனியாமலே போய்விடும். மெட்ராசிலிருந்து சரக்கு வந்தால்தான் உண்டு. ஒரு வாரமோ பத்து நாளோ ஆகலாம்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். வலை அடிப்பதற்கு முன்னால் உள்ளே இருப்பவற்றைத் தீர்க்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டு ஓட்டுச் சட்டத்தையே கடித்து எடுத்துவிடும். கோவிந்தனிடம் ஒரு சிறிய பாட்டில் கொடுத்திருக்கிறேன். என்ட்ரின். வயல்காரர்கள் தினமும் வாங்கிப் போகிற பூச்சி மருந்துதான். கொஞ்சம் தானியத்தில் கலந்து வைத்தால் போதும். பத்திரமாகக் கையாளு.

நீ வேண்டாம் என்றாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு மூச்சு முட்டிய அன்று ஜீப் வர நான்கு மணி நேரம் ஆனது. அதை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். நாளைக்கு உனக்கு அப்படி ஆனால் யார் தூக்கி வருவார்கள்? புளி காண்டிராக்டர் இன்னும் வீட்டை விலைக்குக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அந்த வீட்டில் இனி அணில்தான் குடியிருக்கப் போகிறது.

தம்பி,
சின்னப்பராஜ்

புதூர்நாடு
2.5.1978

சின்னப்பராஜுக்கு,

பாட்டில் வந்தது. அலமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். அங்கேயே இருக்கும்.

மற்ற எல்லாவற்றையும் செய்து பார்த்தாயிற்று. மாதம்மாளின் கணவன் ரங்கன் பலாவின் கிளைகளைக் கூரையிலிருந்து எட்டடி தள்ளி வெட்டினான். காய்க்கிற கிளைகள், அவனுக்கு மனமில்லை. இரண்டு நாள் அணில்களைக் காணவில்லை. மூன்றாம் நாள் பின்சுவர் ஏறி வந்தன. மிளகாய்ப் புகை போட்டேன். நான் இருமினேன், அவை இருமவில்லை.

பிறகு எலிக்கூண்டு வைத்து மூன்றைப் பிடித்தேன். ஒன்றின் வாலில் ஊதா மை பூசி, மூன்றையும் பையில் போட்டு ஓடைக்கு அப்பால் இரண்டு மைல் நடந்து விட்டுவிட்டு வந்தேன். அணில் தன் இடத்துக்குத் திரும்பும் என்று சொல்வார்கள். அதை நான் நம்பியதில்லை, சோதித்தும் பார்த்ததில்லை. நான்காம் நாள் காலை ஊதா வால் ஓட்டின் மேல் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் குடத்தை இறக்கிவைத்துச் சிரித்தார்கள். "டீச்சரம்மா, உன் அணிலு வால்ல மை வெச்சுனு ஓட்டு போட்டுட்டு வந்துக்கிதுங்க" என்றாள் மாதம்மாள். "உனுக்குதான் போட்டுக்கும்."

மேலே ஏறிப் பார்த்தபோது அவளுடைய கூடைதான் முதலில் கண்ணில் பட்டது. துணி கிழிந்து, கால் பங்கு குறைந்திருந்தது. அவளை அழைத்துக் காட்டினேன். வெகுநேரம் கூடையைப் பார்த்தாள். "போன வருசம் நெருப்பு. அது ஒரே நாள்ல துன்னுட்டுப் போயிருச்சு. இது தெனமும் துன்னுது" என்றாள். பிறகு, "நீ இன்னா பண்ணுவ, பாவம்" என்றாள். என்னைப் பாவம் என்று இந்த மேட்டில் யாரும் இதுவரை சொன்னதில்லை.

பத்து நாள் என்றாய். பதினேழு ஆகிறது. வலை எங்கே?

பிலோமினாள்

திருப்பத்தூர்
9.5.78

அன்புள்ள அக்காவுக்கு,

வலை இன்னும் வரவில்லை. லாரி ஸ்டிரைக். என்னை என்ன செய்யச் சொல்கிறாய், மெட்ராசுக்கு நடந்து போய்த் தோளில் சுமந்து வரவா?

நீ அணிலுக்கு மை பூசி இரண்டு மைல் நடந்ததைக் கோவிந்தன் பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டான். உன் வயதுக்கும் படிப்புக்கும் இது தேவையா? பதினொரு குடும்பத்தின் விதையை வாங்கி வைத்துக்கொண்டு, மருந்தை அலமாரியில் பூட்டிவைத்திருக்கிறாய். அணில் மீது இருக்கிற இரக்கம் அந்தச் சனங்கள் மீது இல்லையா? வைக்க மனமில்லை என்றால் கூடைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழே வா. உனக்கு ஓர் அறை காலியாகவே இருக்கிறது.

சின்னப்பராஜ்

புதூர்நாடு
21.5.1978

சின்னப்பராஜுக்கு,

வைத்தேன்.

பதின்மூன்றாம் தேதி அரைப் படி சாமையில் கலந்து, தகரத் தட்டில் பரணின் மூலையில் வைத்தேன். ஏணியை எடுத்துவிட்டேன். மூன்று நாள் பிள்ளைகளுக்குச் சாயங்காலப் பாடம் இல்லை, யாரும் இந்தப் பக்கம் வர வேண்டாம், கோழிகளை அவிழ்க்க வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. டீச்சரம்மா சொன்னால் காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

ஏழு செத்தன. முதல் இரண்டு ஓட்டிலிருந்து உருண்டு விழுந்தன. ஒன்று தண்ணீர்த் தொட்டிவரை வந்து, குடிக்காமல், கால்களை உதைத்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தது. அதன் வால் ஊதா நிறம். கந்தல் கூட்டில் கண் திறக்காத குட்டிகள் மூன்று இருந்தன. அவற்றுக்கு மருந்து தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். இரக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய், அதற்காக எழுதுகிறேன்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. நான்காம் நாள் தட்டை எடுத்தேன். காலியாக இருந்தது. முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகுதான் பார்த்தேன், தட்டில் உமி இல்லை. அணில் சாமையைத் தின்றால் உமியை உரித்துப் போட்டுவிட்டுத்தான் தின்னும். தட்டைச் சுற்றிலும் நாலைந்து சிட்டிகை உமிதான் இருந்தது. புதைப்பதற்கு முன் இரண்டின் வயிற்றை அறுத்துப் பார்த்திருந்தேன், பழக்கத்தால். இரண்டிலும் சேர்த்து ஒரு தேக்கரண்டி இருக்காது.

அப்படியானால் மீதி எங்கே?

விளக்கை எடுத்துக்கொண்டு கூடை கூடையாகப் பார்த்தேன். பதினொன்றில் ஆறு கூடைகளின் துணி ஏதாவது ஓரிடத்தில் கடிபட்டிருக்கிறது. எது பழைய கடி, எது புதியது என்று தெரியவில்லை. அணில் கிடைத்ததை எல்லாம் தின்பதில்லை, கொண்டுபோய் ஒளித்து வைக்கும். தானியம் நிறைந்த கூடையை விட நல்ல ஒளிவிடம் அதற்கு எங்கே கிடைக்கும்? சாமையோடு சாமை. மோந்து பார்த்தேன். சாணமும் மூங்கிலும்தான் மணக்கின்றன.

மருந்து கலக்கும்போது துளி மை சேர்த்திருந்தால் இப்போது கண்ணால் பார்த்துப் பொறுக்கிவிடலாம். அடையாளமிடாமல் எதையும் வெளியே விடாதே என்று ஆண்டுதோறும் மாணவிகளுக்குச் சொன்னேன். அணிலின் வாலுக்குப் பூசினேன். தானியத்துக்குப் பூசவில்லை.

பிலோமினாள்

திருப்பத்தூர்
27.5.78

அக்கா,

கடிதத்தைப் படித்தவுடன் அடுப்பில் போட்டுவிட்டேன். இப்படியெல்லாம் எழுத்தில் எழுதாதே.

நிதானமாக யோசி. அது விதைத் தானியம். நெருப்பில் விதையைப் பறிகொடுத்தவர்கள் அதை எடுத்துத் தின்ன மாட்டார்கள். மண்ணில் போடப்போகிறார்கள், போட்டால் முடிந்தது. விதைத்த பிறகு கையைக் கழுவச் சொல், போதும். நீயாகப் போய் வாயைத் திறந்து பதினொரு குடும்பத்தின் விதையைக் குப்பையில் கொட்ட வைக்காதே. இருக்கலாமோ என்பதற்காக இருப்பதை அழிப்பார்களா?

வலை வந்துவிட்டது. கோவிந்தனிடம் கொடுத்திருக்கிறேன், ஆணியும் சேர்த்து. உடனே அடித்துவிடு.

சின்னப்பராஜ்

புதூர்நாடு
18.6.1978

சின்னப்பராஜுக்கு,

வலை அடித்தாயிற்று. சந்து, பின்சுவர், ஓட்டின் முகடு, எல்லா இடத்திலும் நானும் ரங்கனுமாக இரண்டு நாளில் அடித்தோம். இனி ஒரு விரல்கூட நுழையாது.

வலையைச் சுற்றியிருந்த சாக்கில் லாரி ஆபீஸ் சீட்டு ஒட்டியிருந்தது. திருப்பத்தூரில் இறக்கிய தேதி 11.4.78. நீ கையிருப்பில் இல்லை என்று எழுதியது பதினைந்தாம் தேதி. சீட்டைக் கிழித்துவிட்டேன். இதைப் பற்றி மேலும் எழுத எனக்கு விருப்பமில்லை.

நீ சொன்னபடியே மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. உன் கணக்கு எனக்கும் சரியாகத்தான் பட்டது. விதை மண்ணுக்குப் போகும், வாய்க்குப் போகாது. எனக்குச் சௌகரியமான முடிவு என்பதால் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

நேற்று மாதம்மாள் பெரிய மண்பானை ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். முப்பது பேருக்குச் சோறு ஆகும் அளவு. கல்யாணமா என்று கேட்டேன்.

"வெதப்புப் பானைங்க" என்றாள். "வெதச்சு முடிச்ச அன்னிக்கு கூடை அடியில மிஞ்சினத எல்லாம் ஒண்ணாக் கொட்டி, அம்மன் கல்லு முன்னால ஆக்கணும். பதினோரு கூடை மிச்சமும் ஒரே பானையில. போன வருசம் மிச்சமும் இல்ல, பானையும் இல்ல."

"வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாதா?"

"ஐயே, வெதைய வூட்டுக்குத் திருப்பி எடுத்துனு போவாங்களா? அங்கியே ஆக்கி அங்கியே துன்னுட்டு வரணும். கொழந்தைங்களுக்கு மொதல்ல. நீயும் வா டீச்சரம்மா. உன் வூட்ல இருந்த வெதை. உனுக்கு எலை போடாம வுடுவமா?"

மூன்று ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன். முதல் வருடம் விதைப்பின்போது அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன். அடுத்த வருடம் கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்திருப்பேன். ஒருமுறை போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சொல்லத்தான் போகிறேன். அதற்குமுன் அவர்கள் கையில் மாற்று விதை கொடுக்க வேண்டும். திருப்பத்தூர், ஆலங்காயம், சந்தவாசல், எங்கே கிடைத்தாலும் விதைச் சாமை வாங்கி ஜீப்பில் ஏற்று. மேகம் நாலு நாளாகக் கட்டிக்கொண்டிருக்கிறது. நல்ல மழை ஒன்று விழுந்தால் விதைத்துவிடுவார்கள். வலையை நிறுத்தி வைத்தவன் நீ. இதை நிறுத்தாதே.

பிலோமினாள்

திருப்பத்தூர்
24.6.78

அக்கா,

ஐந்து நாளாகக் கடையைத் திறக்கவில்லை. சந்தவாசல் வரை போய்விட்டு வந்தேன். சாமை அரிசி இருக்கிறது, குத்தினது, முளைக்காது. விதைச் சாமை ஒரு படிகூட இல்லை. "அது மலையில இருந்துதானே சாமி எங்களுக்கு வரணும்" என்கிறார்கள். கேழ்வரகு விதை இரண்டு மூட்டை கிடைத்தது, அனுப்பியிருக்கிறேன். பதினொரு குடும்பத்துக்கு அது காணாது என்று எனக்குத் தெரியும்.

வலை கடையின் பின்னறையில் இருந்தது. உன் முதல் கடிதம் கைக்கு வருவதற்கு முன்பே வந்துவிட்டது. ரீத்தாள்கூட அனுப்பச் சொன்னாள். அணில் தொல்லை தாங்காமல் நீயே இறங்கி வந்துவிடுவாய் என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை. அம்மாவைப் போல நீயும் அங்கே கிடக்கக் கூடாது என்பது மட்டும்தான்.

அவர்களிடம் சொல்லாதே என்று இன்னொரு முறை கேட்கிறேன். எலி மூத்திரம் பட்டுவிட்டது என்று சொல், பூசணம் என்று சொல், அந்தப் பானையை மட்டும் எப்படியாவது தடுத்துவிடு. விஷம் என்ற வார்த்தை வெளியே வந்தால் போலீஸ் வரும். சொல்லியே தீருவாய் என்றால் நான் வரும்வரை பொறு. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மருந்து கொடுத்தவன் நான்தான் என்று நானே சொல்கிறேன்.

சின்னப்பராஜ்

புதூர்நாடு
30.6.1978

சின்னப்பராஜுக்கு,

மழை உன் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. திங்களன்று பெய்தது. செவ்வாய் மாலை எல்லோரையும் பள்ளிக்கூடத்து வாசலுக்கு அழைத்தேன்.

எலி என்றோ பூசணம் என்றோ சொல்லவில்லை. பூசணம் என்றால் காயவைத்து ஆக்கியிருப்பார்கள். என்ன கலந்தேன், எப்போது கலந்தேன், அணில் அதை என்ன செய்திருக்கும் என்று மூன்று வாக்கியத்தில் சொன்னேன். மருந்தைக் கொடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கொடுத்தது நீ. கலந்தது நான்.

யாரும் கத்தவில்லை. ரங்கன் ஒன்றுதான் கேட்டான். "எந்தக் கூடைங்க?"

தெரியாது என்றேன்.

"பாத்தா தெரியாதா?"

தெரியாது என்றேன்.

"நீ படிச்சவளாச்சே" என்றான். குத்தலாகச் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

செல்லியம்மாளை உனக்குத் தெரியும், அம்மாவுக்குப் பால் கொண்டுவந்து கொடுத்தவள். அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "போன வருசம் நெருப்பு, இந்த வருசம் டீச்சரம்மா. அடுத்த வருசம் இன்னா வருதோ பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் உதவியது என்று நினைக்கிறேன், எனக்கல்ல.

மறுநாள் பதினொரு வீட்டு ஆண்களும் ரங்கன் வீட்டில் கூடிப் பேசினார்கள். என்னை அழைக்கவில்லை. வியாழனன்று விடிந்ததும் வந்து கூடைகளை இறக்கினார்கள். கேழ்வரகைக் காட்டினேன். "அதையும் போடலாம், ஆனா அது மேட்டு நெலத்துக்கு ஆவாது" என்றான் ரங்கன். "சாமைய வெதச்சுர்றோம். மண்ணு ஒண்ணும் சாவாது. நாங்கதான் சாவோம், துன்னா." கையில் துணி சுற்றிக்கொள்ளச் சொன்னேன். சிலர் சுற்றிக்கொண்டார்கள்.

நேற்றும் இன்றும் விதைத்தார்கள். மிச்சம் விழாதபடி, கூடை அடி தெரியும்வரை அள்ளி அள்ளி நெருக்கமாக வீசினார்கள். அப்படி விதைத்தால் பயிர் சரியாக வராது, அவர்களுக்கும் தெரியும். கூடைகளை ஓடைக்கரையில் அடுக்கி எரித்தார்கள். அம்மன் கல்லுக்கு முன்னால் அடுப்பு மூட்டவில்லை. கழுவிய பானையை மாதம்மாள் தன் வீட்டுக்குள் கவிழ்த்து வைத்திருப்பதைப் பார்த்தேன். அவள் குழந்தைகள் ஆக்கப்போவதில்லையா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சாமிக்கு இந்த வருடம் பசி இல்லை என்று சொன்னாள்.

வீட்டை என்ன செய்வது என்று ஞாயிற்றுக்கிழமை நீ கேட்பாய். கோவிந்தன் ஜீப் நாளை மாலைதான் இறங்குகிறது. அதுவரை இந்தக் கடிதம் மேசையில் இருக்கும்.

பிலோமினாள்

1.7.1978, மாலை

ஜீப் வருவதற்குள் இதையும் சேர்க்கிறேன்.

இன்று காலை விதைத்த நிலங்களில் புறாக்கள் இறங்கின. ஒவ்வொரு வருடமும் இறங்குமாம், அவற்றை விரட்டக் குழந்தைகளை நிறுத்துவார்களாம். இன்று யாரையும் நிறுத்தவில்லை. ஒன்பது நிலங்களில் புறாக்கள் பொறுக்கித் தின்றுவிட்டுப் பறந்து போயின. இரண்டில் போகவில்லை. ஒன்று செல்லியம்மாளுடையது. மற்றது ரங்கனுடையது. அவன் நிலத்தில் கிழக்கு மூலையில், ஒரே இடத்தில், ஒரு பாய் விரித்த அளவுக்குள் பத்தொன்பது செத்துக் கிடந்தன. இரண்டு கை அள்ளல் விழுந்திருக்கும் இடம்.

பதினொரு மணிக்கு மாதம்மாள் வந்தாள். முறத்தில் புறாக்களைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவைத்தாள். உள்ளே வரவில்லை.

"எங்க கூடைதான்" என்றாள். "எதுன்னு கேட்டமே. இதான். உனுக்குத் தெரியணும்னு எடுத்தாந்தேன்."

தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். கையை முகர்ந்து பார்த்துவிட்டு, ஓடைப் பக்கம் கழுவப் போனாள்.

முறத்தோடு எடுத்துப்போய், அணில்களைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் புதைத்தேன். பிறகு பரணில் ஏறிப் பார்த்தேன். தரையில் சாண வட்டங்கள் பதினொன்று இருந்தன. வலை எங்கும் விலகவில்லை. வெளியே ஓட்டின் மேல் ஓர் அணில் அங்குமிங்கும் ஓடி, வலையில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. சாயங்காலம் பாடம் படிக்க வரும் குழந்தைகள் இதுவரை வரவில்லை.